எரிந்தவனைத் தேடி வந்த சார்ஜன்

1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் தேதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். தூறல். மூடுபனி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் இரண்டாவது கிளாக்கராக இருந்தேன். தோட்டத்துத் துரை நுவரெலியா போயிருந்தார். பெரிய கிளாக்கர் லீவு. ஆபீசில் நான் ஒருவன்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர்கள் இருவர். ஒருவர் சார்ஜன், மற்றவர் துவக்கு வைத்திருந்த கான்ஸ்டபிள். சார்ஜன் தென்கரைப் பக்கத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட இருக்காது. தமிழ் தெரியாது. எங்கள் தொழிலாளி ஒருவரின் பெயரைச் சொல்லி, அவன் வேண்டும், அவன் குடியிருக்கும் லயத்தைக் காட்டு என்று சிங்களத்தில் சொன்னார். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. பொலிஸ் வந்தால் பிடிக்கத்தானே வரும்? அவர் என்ன செய்திருப்பார் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சந்தையில் சண்டையா, கசிப்புச் சாராயமா, பிரஜாவுரிமைக் கடுதாசி விஷயமா? ஆபீஸ் ஆள் காட்டிக்கொடுத்தான் என்று நாளைக்கு என்னைச் சொல்வார்களே என்பது அதைவிடப் பெரிய கவலை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முந்தின நாள் மாசிப் பௌர்ணமி. எங்கள் தோட்டத்தில் அன்றிரவு காமன் கூத்து. சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதனை அவர் நெற்றிக்கண்ணால் எரிப்பதும், ரதி அழுது புலம்புவதும், மூன்றாம் நாள் காலையில் அவனுக்கு உயிர் வருவதும்தான் கதை. காமன் கம்பத்தைக் கொளுத்தியதும் காமன் வேஷக்காரர் செத்தவர் ஆகிவிடுவார். மூன்றாம் நாளான புதன்கிழமை எழுப்பும் வரை கோயில் கொட்டகையில் பேசாமல் கிடக்க வேண்டும். தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அவர் உயிரோடு இருப்பதாக யாரும் வாய் தவறியும் சொல்லக் கூடாது. எங்கள் தோட்டத்து வழக்கம் அது. அந்த வருஷக் காமன், சார்ஜன் தேடி வந்த அதே ஆள்.

காக்கிச் சட்டையைக் கண்டதும் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பன்னிரண்டு காம்பராவில் பதினொன்று மூடிவிட்டது. பன்னிரண்டாவது வாசலில் ஒரு அம்மா மட்டும் கைக்குழந்தையோடு நின்றார். நான் விசாரித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சார்ஜனின் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த ஆளு இல்லீங்க. நேத்து ராத்திரி எரிச்சிட்டோம். நாளன்னிக்கி வாங்க, இருப்பாரு.”

அது முழுப் பொய்யும் இல்லை. ஆபீசில் அரிசிக்கும் சம்பளத்துக்கும் பழகிய என் சிங்களத்தில் மன்மதனைப் பற்றிச் சொல்ல வார்த்தை கிடையாது. நேற்றிரவு எரித்துவிட்டார்களாம், நாளை மறுநாள் வந்தால் இருப்பாராம் என்று அப்படியே சொல்லிவிட்டேன்.

சார்ஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எங்கே எரித்தார்கள்?” என்று மட்டும் கேட்டார்.

கோயில் திடலுக்குக் கூட்டிப்போனேன். பனிக்குள் சாம்பல் மேடு தெரிந்தது. சார்ஜன் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். இன்னும் சூடு. அதன் பக்கத்தில் வெள்ளைச் சீலையில் தலைவிரி கோலமாக ஒரு உருவம். சுற்றிலும் உடைந்த வளையல். அது ரதி. தொழிற்சாலைத் தேயிலைக் காம்பராவில் வேலை செய்யும் ஆள்தான், மீசையை மழித்துவிட்டு ரதி கட்டியிருந்தார். பெண்சாதியா என்று சார்ஜன் கேட்டார். பொலிசைக் கண்ட பயத்தில் ரதிக்கு வாயைத் திறந்தால் ஒப்பாரிதான் வந்தது. கேட்கக் கேட்க இன்னும் உரக்கப் பாடினார்.

இது கொலைதான் என்று சார்ஜன் முடிவு கட்டிவிட்டார். ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் இன்ஸ்பெக்டரையும் இன்னும் ஆறு பேரையும் கூட்டிவா என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார். கான்ஸ்டபிள் திரும்பினால் வழியில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து வேலை முடிந்து ஆண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. எல்லார் கையிலும் கவ்வாத்துக் கத்தி. வேலையிலிருந்து வருகிறவர்கள் கையில் வேறு என்ன இருக்கும்? ஆனால் கான்ஸ்டபிளுக்கு அது தெரியுமா? துவக்கைத் தூக்கிவிட்டார்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு வேலைநிறுத்தத்தில் இதே லயத்துக்குள் பொலிஸ் புகுந்து பொம்பளைகளையும் அடித்திருந்தது. அந்தத் தழும்போடு இரண்டு பேர் முன் வரிசையிலேயே நின்றார்கள். யாரும் ஒரு அடி பின்னால் போகவில்லை. நடுவில் நான். ஒரு கத்தி அசைந்தால் போதும், துவக்கு வெடிக்கும். வெடித்தால் முதல் குண்டு எனக்குத்தான். வாய் தானாகத் திறந்தது.

“சார்ஜன் மாத்தயா, அந்த ஆள் என்ன குற்றம் செய்தான்?”

அவர் கோபத்தோடுதான் பதில் சொன்னார். “அவன் ஒன்றும் செய்யவில்லை. அவன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.”

நான் அதைத் தமிழில் கத்திச் சொன்னேன். கத்திகள் தாழ்ந்தன.

விஷயம் இதுதான். அந்த ஆளின் அம்மா, தன் தங்கச்சி குடும்பத்தோடு நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை போயிருந்தார். ஞாயிறு விடியற்காலை இறங்கும்போது படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆபரேஷனுக்குக் கைநாட்டுக் கேட்டிருக்கிறார். அம்மா விரலை மடக்கிக்கொண்டார். அவருடைய புருஷன் ஒரு தடவை பொலிஸ் ஸ்டேஷனில், வாசிக்கத் தெரியாத சிங்களக் கடுதாசியில் கைநாட்டு வைத்து ஆறு மாதம் மறியலில் கம்பி எண்ணியவர். மகன் வராமல் விரல் வைக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். இரவுக்குள் வெட்டித் துப்புரவாக்காவிட்டால் விஷம் ஏறி ஆள் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் தோட்டத்து டெலிபோன் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்ததால் சார்ஜனே வந்திருக்கிறார். இதை ஆபீஸ் வாசலிலேயே சொல்லியிருக்கலாம். ஆளைக் காட்டு என்று கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

கொட்டகைத் தட்டி விலகியது. பாதி கலைந்த அரிதாரத்தோடு, தலையில் கிரீடத்தோடு காமன் வெளியே வந்தார். சார்ஜன் இரண்டு அடி பின்னால் போய்ச் சாம்பலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டுச் சொன்னார், “செத்தவன புடிக்க வந்த மொத பொலிசு நீங்கதாங்க, ராலாமி.” நான் மொழிபெயர்த்தேன். சார்ஜன் சிரித்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆனால் அடுத்த சிக்கல் வந்தது. காமன் எல்லை தாண்டக் கூடாதே! எழுப்பாமல் போனால் தோட்டத்துக்கு ஆகாது என்றார் கூத்தை நடத்தும் காமன் மாஸ்டர். புதன்கிழமைக்கு முன் எழுப்பினாலும் ஆகாது என்றார் இன்னொருவர். காமன் செத்தவர், பேச முடியாது. கண்ணீர் மட்டும் தாரையாகக் கொட்டியது. என்ன தகராறு என்று சார்ஜன் என்னைக் கேட்டார். தெரிந்த சிங்களத்தில் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“உயிர் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

மாஸ்டர் யோசித்தார். “மொறயா செஞ்சா ஒரு மணி நேரங்க.”

“அரை மணி தருகிறேன். எழுப்புங்கள்.”

அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. தப்பு முழங்கியது. மூடிய பதினொரு கதவும் திறந்து பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். ரதி வெள்ளைச் சீலையின் மேலேயே மஞ்சள் சீலையைச் சுற்றிக்கொண்டு ஆடினார். புதன்கிழமைப் பாட்டையெல்லாம் மாஸ்டர் திங்கட்கிழமையே மூச்சு விடாமல் பாடினார். யாரும் சொல்லாமலே சார்ஜன் தொப்பியையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நின்றார். கான்ஸ்டபிள் துவக்கைக் கொண்டுபோய் ஜீப்பில் வைத்துவிட்டு வந்தார். காமன் எழுந்தபோது சரியாக முப்பத்தொரு நிமிடம்.

வேஷத்தைக் கழுவ நேரமில்லை. கிரீடத்தோடு காமனைப் பின்னால் ஏற்றி, ஒரு பக்கம் கான்ஸ்டபிளும் மறுபக்கம் நானும் உட்கார்ந்தோம். கடைவீதியைத் தாண்டும்போதுதான் அது நடந்தது. ஜீப்புக்குள் கிரீடம் தெரிந்திருக்கிறது. காமனையே புடிச்சிட்டுப் போறானுங்க என்று ஒரு குரல். பிறகு கற்கள். நான்கு வரை எண்ணினேன். ஐந்தாவது என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. இடது பக்கம் தூள். கண் தப்பியது கடவுள் செயல். கான்ஸ்டபிள் குதித்து இறங்கப் பார்த்தார். சார்ஜன் வண்டியை நிறுத்தவில்லை.

“அந்தக் கல் எனக்கு வந்தது, கிளாக்கர். நீ வாங்கிக்கொண்டாய்” என்றார்.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. அம்மா காய்ச்சலில் கிடந்தார். மகனைக் கண்டதும் முதல் கேள்வி, “இன்னிக்கி திங்கக்கெழமதானே, எப்புடி எழுப்புனாங்க?” மகன் சார்ஜனைக் காட்டினார். நான் உடைந்த கண்ணாடியின் நல்ல பக்கத்தால் டாக்டரின் இங்கிலீஷ் கடுதாசியை வரி வரியாகத் தமிழில் வாசித்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் அம்மா விரலை நீட்டினார். மை தொட்டுக் கொடுத்தது சார்ஜன்தான். “சோறு தின்னியா, ராசா?” என்று அம்மா அவரைக் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வயிற்றைத் தொட்டு இல்லை என்று தலையாட்டினார்.

அம்மா பிழைத்தார். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தார், அவ்வளவுதான். இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த வருஷமே சார்ஜன் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர்கள் பழையபடி லயத்துக் கதவை உதைத்தார்கள். இன்றைக்கும் காக்கிச் சட்டையைக் கண்டால் எனக்குக் கதவைச் சாத்தத்தான் கை போகும். ஆனாலும் கதவைச் சாத்துவதற்கு முன், எதற்கு வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். அன்றைக்கு லயத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, சார்ஜன் தானாகச் சொல்லவில்லை, கல் எறிந்தவனும் கேட்கவில்லை. இத்தனை பேர் சேமித்த அந்த ஒரு வார்த்தைக்கு, கண்டியில் கண்ணாடி மாற்றிய பதினாறு ரூபாய் ஐம்பது சதத்தோடு போக வர பஸ் கூலியும் சேர்த்து, நான் கொடுத்தது பத்தொன்பது ரூபாய் எழுபத்தைந்து சதம்.