எங்கள் ஆபீஸில் சாமுண்டி உலா

எனக்குத் தொண்டைதான் சோறு போட்டது. மைசூரில் ஒரு மிக்ஸி கம்பெனியில், தமிழ்நாட்டிலிருந்து போனில் வரும் புகார்களுக்குப் பதில் சொல்கிற வேலை. தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி நான், "ஏனுங்க, ஜார் மூடியைச் சரியாப் போட்டீங்களா?" என்று கேட்டாலே பாதிப் பேருக்குக் கோபம் இறங்கிவிடும். புது ஆபீஸுக்கு மாறிய பிறகு அந்தக் குரல் தகர டப்பாவில் கல்லை உருட்டியதுபோல ஆகிவிட்டது. கூப்பிடுகிறவர்கள் என்னை அண்ணா என்றார்கள். கோயம்புத்தூர்ப் பெரியவர் ஒருவர் அடிக்கடி கூப்பிட்டு, "தம்பி, நீங்கதான் பொறுமையாப் பேசறீங்க" என்று வேறு வாழ்த்துவார். தம்பியாம்! பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்வேன்.

எனக்கு மட்டுமில்லை. ஜன்னலே திறக்காத கண்ணாடிக் கட்டடம் அது. மத்தியானமானால் ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தருக்குக் கண் எரிச்சல், எல்லோருக்கும் கிறுகிறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் குத்துக்கல்லாட்டம் இருப்போம்.

எங்கள் மேனேஜர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதிப் பேச்சு கன்னடத்தில் போகும். "திருஷ்டிதான்" என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சுவரில் அசிங்கமாகத் தெரிந்த ஒரு கம்பி வலையை மறைக்க, ஆபீஸ் திறந்த அன்றே அவர் அதன்மேல் பெரிய சாமுண்டீஸ்வரி படத்தை மாட்டியிருந்தார். திருஷ்டி கழிய வெள்ளிக்கிழமைதோறும் அதன்முன் கற்பூரம், சாம்பிராணி. தலைவலி கூடினால் இன்னும் ஒரு கை சாம்பிராணி. காற்றே இல்லாத அந்த இடத்தில் படத்து மாலை மட்டும் லேசாக ஆடும். "நோடிரீ, பாருங்க, தாயி மூச்சு விடறா!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். நாங்களும் இருமிக்கொண்டே போட்டுக்கொள்வோம்.

தசரா வந்தது. "தசரா ஹப்ப, பண்டிகை முடிஞ்சும் குரல் சரியாகலேன்னா உன்னை டைப் பண்ற பிரிவுக்குத்தான் மாத்தணும், ஏன் மாடோது, வேற என்ன செய்யறது?" என்றார் மேனேஜர். டைப்பா? நானா? நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்!

ஆயுத பூஜையன்று காலை, அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்துக்குப் பின்னால் கை போனது. ஜில்லென்று காற்று! வெளியே பெய்த மழையின் வாசனை! அடப்பாவிகளா, வெளிக்காற்று வருகிற ஒரே வழியில் தாயை உட்கார வைத்துவிட்டு, எதிரே புகையும் போட்டல்லவா மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறோம்!

"சார், இதை இங்கேருந்து எடுக்கணும்!"

"பேடா, வேண்டவே வேண்டாம்! உட்கார வச்ச தாயியை யாராவது எழுப்புவாங்களா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார்போல. எனக்கு வந்ததே ஆத்திரம்! "நாளைக்கு ஊரே பார்க்க யானை மேல அம்பாரியில ஏறித் தாயி உலா போறா. நம்ம தாயி மட்டும் இந்த மூலையிலேயே அடைஞ்சு கிடக்கணுமா சார்?"

மேனேஜர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ஓடிப்போய்த் சக்கரம் வைத்த தன் ஆபீஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். படத்தைக் கழற்றி அதில் உட்கார வைத்தோம்; அதுதான் அம்பாரி. பக்கத்து சீட்டுக்காரி மிக்ஸி ஜாரைக் கவிழ்த்துத் தாளம் போட்டாள். மேனேஜர் மழைக்குடையை விரித்துப் பிடித்தார். பிரிண்டரை வலம்வந்து, எதிர்ச் சுவருக்குப் போய்ச் சேருவதற்குள் ஆபீஸே ஆடியது. வலையிலிருந்து குபுகுபுவென்று காற்று வந்தது. மறுபடியும் கிறுகிறுப்புத்தான், ஆனால் சிரித்துச் சிரித்து வந்த கிறுகிறுப்பு. சாம்பிராணியை வாசலோடு நிறுத்திக்கொண்டோம்.

விடுமுறை முடிந்து சில நாளில் என் குரல் மணிமணியாகத் திரும்பியது. சோதிக்க மேனேஜர் பக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். லைனில் வந்தது கோயம்புத்தூர்ப் பெரியவர்.

"வணக்கமுங்க, சொல்லுங்க" என்றேன், தேனாக.

"ஏம்மா, அந்தக் கரகரக் குரல் தம்பி இல்லீங்களா? அவருகிட்டத்தான் பேசுவேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமி, குரலை அடிவயிற்றுக்கு இறக்கினேன்.

"சொல்லுங்கய்யா."

"அட, எங்க தம்பி போயிட்டீங்க இத்தன நாளா?"

"தசராவுக்கு லீவு போட்டிருந்தேனுங்க."