வீட்டுக் கடலை

"குடீதீரா?" என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார், குடிப்பீர்களா என்று. மாமாவைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது அவர் மனைவி, என் அக்கா.

"இந்த வயசு வரைக்கும் ஒரு சொட்டுத் தொட்டதில்லைங்க. ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க."

டாக்டர் ஸ்கேன் படத்தை இன்னொரு முறை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஈரலில் கட்டி. பரவியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி வைரஸும் தெரிந்தது. உடம்பில் அது எத்தனையோ வருஷமாக இருந்திருக்க வேண்டும் என்றார். மாமாவுக்கு அது புதுச் செய்தி. "எப்பவோ மஞ்சக்காமாலை வந்துச்சுங்க. கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன், போயிருச்சு" என்றார். அது போகவில்லை என்பதை நான்தான் அவருக்குத் தமிழில் விளக்கிச் சொன்னேன்.

வெளியே வந்ததும் மாமா என்னிடம், "குடிச்சிருந்தா அந்தச் சந்தோசமாவது மிஞ்சியிருக்கும் அம்மிணி" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

அக்காவுக்கும் மாமாவுக்கும் கர்நாடக எல்லைக்குள் ஹனூர்ப் பக்கத்தில் கொஞ்சம் நிலம். கடலைக்காயும் மக்காச்சோளமும் போடுவார்கள். பிள்ளைகள் இல்லை. சிகிச்சை முடியும்வரை மைசூரில் அக்ரஹாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள்.

நான் உணவு ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஈரம் பட்ட கடலையிலும் சோளத்திலும் ஒரு வகைப் பூசணம் வளரும். அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சை அளப்பதே எங்கள் பிரிவின் வேலை. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுவதும் போகாது. வருஷக்கணக்கில் உடம்புக்குள் போனால் ஈரலைக் கெடுக்கும். மாமா எங்கள் இடத்துக்கு வைத்த பெயர் பூசண ஆபீஸ். "இன்னிக்குப் பூசணம் எப்படி இருக்குது, சௌக்கியமா?" என்று தினமும் நான் வீடு திரும்பும்போது கேட்பார். ஊசி போட்டுக்கொண்டு வந்து சுருண்டு படுத்திருந்த நாட்களிலும் கேட்டார்.

அக்காவால் சும்மா உட்கார முடியாது. ஊரிலிருந்து வரும்போதே ஒரு பை கடலைக்காய் கொண்டுவந்திருந்தாள். அந்த வருஷம் பிடுங்குகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. காய் சரியாகக் காய்வதற்குள் அறையில் குவித்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் செய்தித்தாளை விரித்து, உடைத்து, பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். அவள் விரல்கள் பருப்பை மூன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே போயின.

"இது விதைக்கு. இது வியாபாரிக்கு" என்று காட்டினாள். மூன்றாவது குவியலில் சுருங்கியது, கறுத்தது, முளைவிட்டது, பச்சையாகத் தூள் படிந்தது எல்லாம் கிடந்தன. "இது வீட்டுக் கடலை."

அந்தச் சொல்லை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். வீட்டுக் கடலை என்றால் வீட்டுக்கு என்று ஒதுக்கிய கடலை, அவ்வளவுதான். எனக்குக் கல்யாணமான பிறகு வருஷா வருஷம் மைசூருக்கு அவள் கொடுத்தனுப்பிய பை முதல் குவியலிலிருந்து வந்தது. அவர்கள் வீட்டில் என்ன மிஞ்சியது என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

"இதை யாருக்கா தின்றது?"

"அவருதான். காட்டுல இருந்து வந்ததும் ஒரு கை வறுத்துக் குடுத்தா வெல்லத்தோட தின்னுவாரு. எறியறதுக்கு மனசு வருமா?" கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன் அப்படிப் பாக்கற?"

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். அக்கா பச்சைத் தூள் படிந்த பருப்பு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"உங்க ஆபீஸுல பாக்கறது இந்தப் பூசணமா?"

"இது மாதிரிதான்."

"கொண்டு போய்ப் பாரு."

"இப்ப அது வேண்டாம்கா."

"பாருன்னு சொல்றேன்."

வியாபாரிக்கான குவியலையும் வீட்டுக்கான குவியலையும் தனித்தனிப் பையில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, எல்லா மாதிரிகளையும் போல முறைப்படி பதிவு செய்தேன். எங்கள் கூடத்தில் ஒரு பருப்பை மட்டும் எடுத்து யாரும் சோதிப்பதில்லை. நஞ்சு முழுக்க ஒரு சில பருப்பில் இருக்கும், பக்கத்தில் இருப்பது சுத்தமாக இருக்கும். ஆகவே மொத்தத்தையும் மாவாக அரைத்துக் கலந்துதான் எடுப்போம். அரைப்பதுவரை நான் செய்தேன். மேற்கொண்டு கை வரவில்லை. சக ஊழியர் ஒருவர் செய்து கொடுத்தார். யாருடைய கடலை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

வியாபாரிக்கான குவியலில் நஞ்சு கண்டறியும் அளவுக்கு இல்லை. வீட்டுக் கடலையில் அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு இருந்தது.

"பொறுக்கினவங்க கை நல்ல கை மேடம்" என்றார் அவர். "கெட்டது ஒண்ணுகூட நல்லதுல தப்பிப் போகலை. எல்லாத்தையும் இந்தப் பக்கம் சேர்த்திருக்காங்க."

மறுநாள் காலையில் மாமா குளிக்கப் போயிருந்த நேரத்தில், சமையலறையில் அக்கா கேட்டாள். முடிவை ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு.

"அப்ப இதனாலதானா?"

இந்தக் கேள்விக்குப் பதிலாக எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வைரஸும் இந்த நஞ்சும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். ஊர் ஊராக, ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்துக் கண்டுபிடித்தது அது. தனியாக ஒரு மனிதரைக் காட்டி, இவருடைய கட்டிக்கு இதுதான் காரணம் என்று பிரித்துக் காட்டும் வழி எங்களிடம் இல்லை. அதைத்தான் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்த்தேன்.

"மாமாவுக்கு இதனாலதான்னு சொல்ல முடியாதுக்கா."

அக்கா அடுப்பை அணைத்தாள். "சரி. சொல்ல வேண்டாம்" என்றாள்.

நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் என் பதிலை அவள் எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது உறைத்தது. எங்கள் ஆபீஸில் 'சொல்ல முடியாது' என்றால் சான்று போதவில்லை என்று அர்த்தம். வாரத்துக்கு ஒரு முறையாவது அதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் வீட்டில் அதற்கு அந்த அர்த்தம் கிடையாது. அப்பா ஆஸ்பத்திரியில் இறந்த அன்று போனில் அண்ணன் அக்காவிடம் சொன்னது, "என்னால சொல்ல முடியாதும்மா" என்பதுதான். வாயால் சொல்ல முடியாத அளவுக்கு உண்மையான விஷயத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் வார்த்தை அது.

அன்று மாலையே திருத்தப் பார்த்தேன். "நீயும்தானேக்கா அதைத் தின்ன. உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நான் எங்க தின்னேன்?" என்றாள். "இருந்தது ஒரு கை. அதை அவருக்குத்தானே வெச்சேன்."

அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. ஒருநாள் தெருவில் தள்ளுவண்டிக்காரன் இரும்புச் சட்டியைத் தட்டிக்கொண்டு போனபோது, மாமா, "ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்களேன்" என்றார். நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. "என்ன, அக்காளும் தங்கச்சியும் ஏதாவது விரதமா?" என்றார். அக்கா உள்ளே போய் அவருக்குப் பால் காய்ச்சிக்கொண்டு வந்தாள். பாதி குடித்தார். பொங்கலுக்கு முன்பே போய்விட்டார்.

அடுத்த அறுவடைக்கு நான் ஹனூர் போனேன். அக்கா ஆள் வைத்துக் கடலை போட்டிருந்தாள். பொறுக்கி முடித்ததும் மூன்றாவது குவியலை முறத்தில் அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். குழி வெட்டி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, அதை ஏன் மண்ணுல கொட்டறீங்க? எங்க ஆட்டுக்காவது போடலாமில்ல?"

"ஆடு என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள் அக்கா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள். அக்கா மண்ணைத் தள்ளி மூடினாள். அவள் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஒரு வருஷத்தில் பாதியாகிவிட்டிருந்தாள். என் உத்தியோகத்தில் ஒரு தசமப் புள்ளியைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, மாமாவுக்கு வந்தது கடலையால இல்லை. அந்த வைரஸாலதான். டாக்டர்கிட்டக் கேட்டேன். ரிப்போர்ட்டெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்துட்டுச் சொன்னார்."

"எப்பக் கேட்ட?"

"போன வாரம். ஆஸ்பத்திரிக்குப் போய்."

அக்கா கொஞ்ச நேரம் குழி மேட்டைக் காலால் மிதித்துச் சமப்படுத்தினாள்.

"அந்த டாக்டரு பெங்களூருக்கே போயிட்டாருன்னு ஆடி மாசம் நீதான போன்ல சொன்ன."

"போன்லதான் கேட்டேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. முந்தானையால் என் நெற்றியில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள்.

"சரி அம்மிணி" என்றாள். "போன்ல சொன்னாரு."