வெறுங்காலோடு ஓட்டியவர்

கெடார் பக்கம் கேப்பை அறுப்பு வந்துவிட்டால் ரோட்டிலேயே கதிரைப் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்துத் தாளும் மணியுமாகப் பிரித்துவிட்டுப் போகும். மாடும் இல்லை, ஆளும் இல்லை என்று தனியாக நின்ற வீரம்மாளுக்கு அந்த ரோடுதான் களம். மற்ற டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த வெங்கடாசலத்தின் டிரைவர் இருதயராஜ் மட்டும் அவள் கதிர்மேல் காரை மெல்ல ஏற்றுவார். பின்னுக்கு வருவார். மறுபடி ஏற்றுவார். அவள் கும்பிடுவதற்குள் போய்விடுவார்.

வெறுங்காலோடு ஓட்டுகிற டிரைவர் என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஸ்டீயரிங்கைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டுதான் அந்தப் பழைய அம்பாசிடரைக் கிளப்புவார்.

"வண்டிய கோயிலாட்டம் நெனைக்கிறான்யா நம்மாளு" என்று முதலாளி பெருமை பேசுவார்.

உண்மை இருதயராஜின் மனைவி சவுரியம்மாளுக்குத்தான் தெரியும். அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வீட்டில் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்றுதான் பேசுவாள். வெளியில் அவர் உதட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டார். ரோட்டில் பாதம்தான் அவருக்குக் காது. தகரத் தரை வழியாக இஞ்சினும் கியரும் சரளைக்கல்லும் காலுக்கு வந்துவிடும்.

"விழுப்புரம் தாண்டினா ரோடு பாடுதுடி" என்பார். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பூசையில் அப்பம் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் முகம் போல இருக்கும்.

எண்பத்தாறில் முதலாளி புதுக் கார் ஒன்று வாங்கினார். சின்னது, வெள்ளை, உள்ளே ஏசி. தரையெல்லாம் மெத்தை. தூசு வரக்கூடாது, கண்ணாடியை இறக்காதே என்று உத்தரவு.

"ஏன்யா மூஞ்சிய உம்முனு வச்சிக்கினு வர்றே? வெண்ணெயாட்டம் போவுது!"

"போவுதுங்க மொதலாளி. போறதுதான் தெரியல."

"கடகடன்னு ஆட்டினாத்தான் உனக்கு வண்டி. ஒரு கட்டவண்டி வாங்கித் தரட்டுமா?"

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் முதலாளியின் வாயைப் படித்து அவரும் சிரித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்தவரைச் சவுரியம்மாள் விடவில்லை. "புது வண்டி ஓட்டற மொகமா இது?"

"தூங்கிக்கினே ஓட்டறாப்பல இருக்குது சவுரி. காலுக்கு ஒண்ணும் வரல."

"மொதலாளிகிட்ட காத பத்தி சொல்லிடேன்யா."

"சொன்னா அப்புறம் எந்த வண்டியும் இல்ல."

அவர் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வருசக் கேப்பை அறுப்பில், முதலாளியைக் கெடாரில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார். வழியில் வீரம்மாளின் கதிர் கிடந்தது. வழக்கம்போல ஏற்றினார். கார் தாண்டியதும் கதிரைப் புரட்ட அவள் உள்ளே இறங்கிக் குனிந்தாள். அம்பாசிடர் என்றால் அது பின்னுக்கு வரும் உறுமலிலேயே விலகிவிடுவாள். அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்; குனிந்திருந்தவள் கண்ணாடியில் தெரியவில்லை. இந்த வண்டியிலிருந்து அவளுக்குச் சத்தம் வரவில்லை. அவள் அலறியது அவருக்கு வரவில்லை. மெத்தைக்குக் கீழே சக்கரம் ஏறி இறங்கியது கதிர்மேல்தான் என்று கால் சொல்லிற்று. முன் கண்ணாடி வழியாகப் பார்த்தபோதுதான், கதிருக்கு நடுவே அவள் கிடந்தாள்.

அதே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். கண்ணாடியில் அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. படிக்க முயன்றார். கண்ணில் நீர் நிறைந்து எதுவும் புரியவில்லை. ஊர் எல்லையில் உதடு நின்றுவிட்டது. அவள் என்ன சொன்னாள் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

முதலாளி வீடு தேடி வந்தார். "நடுரோட்டுல கதிர போட்டது அவ தப்பு. அவ கதிரு மேல தூங்கிக்கினு கெடந்தான்னு சொல்லிடு, வக்கீலு பாத்துப்பாரு. அம்பாசிடர் ஷெட்டுலதான் இருக்குது. நீயே ஓட்டு."

அம்பாசிடர் என்றதும் இருதயராஜின் கால் விரல்கள் மடங்கி விரிந்ததைச் சவுரியம்மாள் பார்த்தாள். முதலாளி சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். ஏற்றிவிட்டு, வீரம்மாள் நினைவு வந்து, மாதாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோர்ட்டில் அவர் சொன்னார்: "அவங்க தூங்கலைங்க. எனக்குத்தான் காது கேக்காது. மறச்சி ஓட்டினேன்."

லைசென்சு போயிற்று. ஜெயில் தண்டனையும் கிடைத்தது. அங்கேயே காய்ச்சலில் விழுந்தவர் பிணமாகத்தான் வீடு திரும்பினார்.

இப்படி முடியும் என்று தெரியாமல், தீர்ப்பு அன்றைக்குச் சவுரியம்மாள் போலீஸ் வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வேன் தரையில் பாதத்தை ஊன்றிப் பார்த்தார்.

"பழைய வண்டிடி. தரையெல்லாம் தகரம், ரோடு காலுக்கு வரும். அழுவாத. ஜல்தி போ, திண்டிவனம் பஸ்ஸு பூடும்."