ஹோஸ்டா வறை

"மே, ஞாயிறு. வடக்குச் சுவர் நிழலில் நீல இலை ஹோஸ்டாக்கள் பின்னால், மஞ்சள் விளிம்புள்ளவை முன்னால். எல்லாம் முளைத்துவிட்டன." நான் புலம்பெயர்ந்து வாழும் பான் நகரில் உள்ள என் வீட்டுத் தோட்டக் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. மறுநாள் வேலை முடிந்து வந்தபோது முன்வரிசையைக் காணவில்லை.

குசினியில் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வறுபட்ட வாசனை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் அக்கா கீரை வறைச் சட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது அழகுக்கு வச்ச செடி!"

"கீரையை ஆரும் அழகு பாப்பினமோ? பயப்பிடாதை, மத்தியானமே நான் திண்டு பாத்திட்டன். ஒண்டும் செய்யேல்லை. இனி நீ சாப்பிடு."

சின்ன வயதில் போரால் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கியிருந்தோம். எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதின்மூன்று. வேலியோரம் பிடுங்கிய ஏதோ இலையை உப்பு மட்டும் போட்டு அவிப்பாள். புகையும் பச்சை வாடையும் அறையெல்லாம் நிற்கும். முதலில் தான் மட்டும் தின்பாள். பிறகு வெயில் சாயும்வரை சட்டியை மூடி மடியில் வைத்திருப்பாள்.

"பேராசைக்காரி!" என்று கத்துவேன்.

"ஓமடா, பொறு" என்று சிரிப்பாள்.

அவள் ஏன் முந்தினாள் என்பது இத்தனை வருடம் கழித்து, தட்டோடு நின்றபோதுதான் விளங்கியது.

"அப்ப, அந்தப் பள்ளிக்கூடத்திலை என்ன இலையெண்டு தெரியாமலே திண்டனீங்கள்?"

"தெரிஞ்சிருந்தா உன்னை ஏன்டா காக்கவைக்கப் போறன்?"

ஹோஸ்டாவின் இளம் முளைகளை ஜப்பானில் சமைப்பார்கள் என்று பிறகு படித்தேன். அந்த வேலியோர இலைகள் எவை என்பதை மட்டும் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.