தியா துப்பிய தண்ணீர்

குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவருக்குப் பிள்ளைகளைத் தூங்க வைப்பது பெரிய காரியமே இல்லை. கூழ் சாப்பிட ஆரம்பித்த குழந்தைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. வீட்டில் அந்த வயதுக் குழந்தை இருப்பவர்கள் சிரிக்காமல் படியுங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. புனேயில், ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த வருடங்களில், பக்கத்திலிருந்த வாகட் பகுதியில் என் ஃப்ளாட்டிலேயே காப்பகம் நடத்தினேன்.

ஒரு பை நிறைய

கோயமுத்தூர்க்காரி கவிதா ஒரு திங்கட்கிழமை ஏழு மாதத் தியாவோடு ஒரு பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பாட்டில், மூக்கு வைத்த கப், பாலாடை, வெள்ளி ஸ்பூன், மருந்து ஊற்றும் சிரிஞ்சுகூட இருந்தது. ராகிக் கூழ் ஆரம்பித்ததிலிருந்து தியாவுக்கு மலம் இறுகிவிட்டது. முக்கி முக்கி அழுகிறாள். சாப்பாட்டோடு காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எதில் கொடுத்தாலும் துப்புகிறாளாம்.

கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள இவ குடிக்கலீன்னா, நான் பேப்பர் போட்டுட்டு வீட்டுல உக்காந்துக்கறேனுங்க அக்கா."

அப்பாவின் அட்டவணை

இப்படி வேலையை விட்ட இரண்டு பெண்களை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலையை இவளும் விட நான் சம்மதிப்பதாக இல்லை.

மறுநாள் அவள் கணவர் செந்தில் ஒரு தாளை என் ஃப்ரிட்ஜில் ஒட்டினார். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று கட்டம் கட்டியிருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் நான் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: துப்பினாள். மனிதர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"சரிங்க அக்கா, துப்புனதுக்குத் தனியா ஒரு கட்டம் போட்டுத் தரட்டுங்களா?"

என் வீராப்பு

புதன்கிழமை நானே களத்தில் இறங்கினேன். கால் மணிக்கு ஒரு தடவை ஸ்பூனோடு போய் நின்றேன். மடியில் போட்டுப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். மத்தியானத்துக்குள் என் தலையைக் கண்டாலே தியா வாயை இறுக்கிக்கொண்டாள். கூழும் உள்ளே போகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்கு உதவியாக இருந்த சுனந்தா மராட்டிக்காரி. ஸ்பூனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "தீதி, உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே அது தண்ணி இல்ல, மருந்துன்னு தோணுது."

என் டம்ளர்

வியாழக்கிழமை ஸ்பூனைத் தொடவில்லை. தியாவுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருக்கும்போது தொண்டை வறண்டது. என் சின்ன எவர்சில்வர் டம்ளரில் நான்பாட்டுக்குக் குடித்தேன். தியா கண் கொட்டாமல் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து இழுத்தாள். பாதி என் புடவையில் போனது. மீதியில் ஒரு வாய் அவள் தொண்டையில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

அதன் பிறகு நான் ஒரு வாய், அவள் ஒரு வாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழாமல் வெளிக்குப் போனாள். கவிதாவிடம் விஷயத்தைச் சொல்லி, டம்ளரையும் பையில் போட்டு அனுப்பினேன். கூடவே, "அவளோட நீயும் குடிக்கணும்" என்றேன். சனிக்கிழமை போன் வந்தது. வீட்டிலும் தியா குடித்துவிட்டாள் என்றாள் கவிதா.

"திங்கக்கிழமை வேலைக்குப் போறேனுங்க அக்கா. இத்தன நாள்ல அவ முன்னாடி உக்காந்து ஒரு வாய் தண்ணி நான் குடிச்சதே இல்லீங்க."

அதற்கப்புறம் என்னிடம் வந்த குழந்தைகள் எல்லாம் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தன. ஒவ்வொன்றுக்கும் துணையாகக் குடித்துக் குடித்து நான்தான் நாள் முழுக்க பாத்ரூமுக்கு நடந்துகொண்டிருந்தேன்.