காய்க்காத சங்கஞ்செடி

ஜாடையாகப் பேசுவதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. ஒருவரை நேராகத் திட்டினால் அவர் திருப்பித் திட்டுவார். மாட்டைத் திட்டினால், கோழியைத் திட்டினால், செடியைத் திட்டினால் யார் என்ன கேட்க முடியும்? கேட்டாலும் "உன்னையா சொன்னேன்?" என்று முடித்துவிடலாம். அப்படி நான் வருஷக்கணக்காகத் திட்டியது எங்கள் கொல்லையில் நின்ற ஒரு சங்கஞ்செடியை. காதில் விழ வேண்டியது என் மருமகளுக்கு.

அந்தச் செடியைக் கொண்டுவந்து வைத்ததும் நான்தான். நீடாமங்கலத்தைச் சுற்றி எங்கள் பக்கமெல்லாம் வாய்க்கால் கரையில் வேலியோடு வேலியாகக் கிடக்கும் முள்செடி அது. இலைக்கு இலை ஊசி மாதிரி முள். பிள்ளை பெற்றவளுக்கு அதன் இலையை அரைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று, அடுத்த வருஷம் இலை வேண்டியிருக்கும், அவசரத்துக்குக் கரைக்கு யார் ஓடுவது என்று இரண்டு செடியைப் பெயர்த்துக் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டேன். கையெல்லாம் கீறல். நட்டதும் நல்லதாகப் போயிற்று. பின்னால் வாய்க்கால் தூர்வார வந்த ஜேசிபி கரையில் இருந்த செடிகளை எல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் சங்கஞ்செடி என்றால் எங்கள் வீட்டில்தான் என்று ஆனது.

இரண்டும் இடுப்புயரம் வளர்ந்தன. ஒன்று காய்த்தது. வெள்ளை வெளேரென்று சின்னச் சின்னப் பழம், கொண்டைக்குருவி வந்து கொத்திக்கொண்டே இருக்கும். இன்னொன்று பூத்ததோடு சரி. ஒரு பிஞ்சு கூடப் பிடிக்கவில்லை. மருமகளுக்கும் அதற்குள் கல்யாணமாகி மூன்று வருஷம் ஓடியிருந்தது.

எனக்கு அது வசதியாகப் போயிற்று. காலையில் அவள் முகம் கழுவக் கிணற்றடிக்கு வரும் நேரம் பார்த்து நானும் போய் நிற்பேன். "தண்ணி குடிக்கிறதுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. ஒரு பூச்சி புழு தங்குதா? எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குதோ" என்று செடியைப் பார்த்துச் சொல்வேன். அவள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் பதில் சொல்லாததே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அவளை இழுத்துக்கொண்டு அலைந்தேன். ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் அவளுக்கு. ஒரு டாக்டரம்மா, "வீட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டார். "அவனுக்கு என்னங்க, ஆம்பளப் புள்ள" என்று நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். மருமகள் தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

போன தை மாதம் அறுவடை முடிந்த கையோடு ஒரு நாள், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் காய்க்காத செடியைத் தோண்ட ஆரம்பித்தேன். அவள் ஓடிவந்தாள்.

"அது இருக்கட்டுங்க அத்தை. அதுவும் வேணுங்க."

"காய்க்காததுக்கு என் வீட்டுல இடமில்ல" என்றேன். அவள் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் வேரோடு பிடுங்கி எறிந்தேன். நாக்கில் நரம்பில்லாமல் பேசியது நான்தான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

இந்த வருஷம் என் மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைத்தோம். அன்றைக்கு முன்னால் வந்து நிற்காதே, அடுப்படியைப் பார்த்துக்கொள் என்று மருமகளிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டேன். சரிங்க அத்தை என்றாள்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இலை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். செடி தளதளவென்று நின்றது. பூவெல்லாம் கருகி உதிர்ந்து கிடந்தது. வருஷா வருஷம் வெள்ளையாகக் காய்த்துத் தள்ளிய செடியில் பெயருக்கு ஒரு பழம் இல்லை. மகள் பிள்ளைத்தாச்சியாக இருக்கும் நேரத்தில் இது என்ன சகுனம்? மருமகளைக் கூப்பிட்டேன். "இதுக்கு என்ன வந்துச்சு? நீ ஏதாவது மருந்து கிருந்து அடிச்சியா?"

"இல்லைங்க அத்தை. இந்தச் செடியில ஆண் தனி, பெண் தனி. நீங்க போன வருஷம் பிடுங்கினது ஆண் செடிங்க."

"ஆணா?"

"ஆமாங்க. அது காய்க்காது. ஆனா அது இல்லாம இதுவும் காய்க்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் பொம்பளை என்று நினைத்து நான் திட்டித் தீர்த்தது ஒரு ஆம்பளையையா? அந்த நினைப்போடு, டாக்டரம்மா கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. "அவன் எந்த டாக்டர்கிட்டயாவது போனானா?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "அவர்கிட்டயே கேளுங்க அத்தை."

மகன் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டேன். சொம்பைக் கீழே வைத்தான்.

"பாத்தாச்சும்மா. நாலு வருஷம் ஆச்சு. குறை எனக்குத்தான். வெளியில தெரிஞ்சா மானம் போயிடும், யார்கிட்டயும் சொல்லாதன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

"நான் தெனமும் கெணத்தடியில நின்னு பேசினது உன் காதுல விழலியாடா?"

"விழுந்துச்சும்மா."

அவ்வளவுதான் சொன்னான். அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. அதற்கு முன்னால் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

வளைகாப்பு அன்று கூடம் நிறைய சொந்தக்காரர்கள். மகள் மணையில் உட்கார்ந்திருந்தாள். நான் வளையல் தட்டை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனேன். மருமகள் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. மொத வளையல் நீதான் போடணும்."

அவள் கரண்டியை வைக்கவில்லை. "வேணாங்க அத்தை. வேற யாராவது போடட்டும்."

"யாரு என்ன சொல்லிடுவாங்க? நான் பாத்துக்கறேன், வா."

"அவங்க சொல்றது இருக்கட்டுங்க." அவள் குரலில் கோபமே இல்லை. "நாளைக்குப் பிரசவத்துல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, என் கை பட்டதாலதான்னு மொதல்ல நீங்கதான் சொல்லுவீங்க."

சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு நாள் முன்னால் பழமில்லாத செடியைப் பார்த்ததும், மருந்து அடித்தாயா என்று நான் முதலில் கேட்டது அவளைத்தான். தட்டோடு அங்கேயே நின்றேன். கூடத்திலிருந்து யாரோ, நேரமாகிறது, வளையல் எங்கே என்று கூப்பிட்டார்கள்.