தண்டல் சொன்ன எட்டு

ஐஸ் தண்ணீரில் நனைத்த பஞ்சை வயிற்றில் வைத்தபோது அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "குளிருதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "என்னத்த வச்சிருக்கிய?" என்று திருப்பிக் கேட்டார். தோளில் வைத்ததும் சிலிர்த்துக்கொண்டார். வயிறு நன்றாக மரத்திருந்தது. அப்படியிருந்தும் வலி பத்துக்கு எட்டு என்றே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

மயக்க மருத்துவராக நான் தூத்துக்குடிக்கு வந்த புதிது அது. வயிற்றில் அறுவை முடிந்தவர்களுக்கு மரத்துப்போகும் மருந்தை எப்படிக் கொடுத்தால் வலி அதிக நேரம் அடங்கியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிலருக்குத் தையல் போடும்போதே சர்ஜன் காயத்தின் ஓரங்களில் ஊசி போட்டுவிடுவார். மற்றவர்களுக்கு நான் ஸ்கேனில் பார்த்தபடி பக்கவாட்டில் ஊசியை இறக்கி, வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே நரம்புகள் ஓடும் இடத்தில் மருந்தைச் செலுத்துவேன். பிறகு கட்டில் கட்டிலாகப் போய், இருமச் சொல்லி, வலியை ஓர் எண்ணாகக் கேட்டு வாங்குவேன்.

அவர் வேம்பார்க்காரர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். தோணியில் அவர் சொல்தான் கடைசிச் சொல். குடலிறக்க அறுவைக்குத் தனியாகவே வந்திருந்தார். அவருக்குப் போட்டது என் ஊசி. அது தோலையும் தசையையும் மரக்கவைக்கும். உள்ளே குடலின் வலியைத் தொடாது. அதுவாக இருக்குமோ என்று பயந்து சர்ஜனை அழைத்துக் காட்டினேன். கோளாறு எதுவும் இல்லை. கடைசியில் பலமான மருந்தை ஊசியில் எடுத்து வந்தேன்.

"இதுல தூக்கம் சொக்கும், மூச்சும் மந்தமாகலாம். அதனால பக்கத்துலயே இருந்து பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் டாக்டரம்மா. வலியே இல்ல."

"பெறகு ஏன் எட்டு எட்டுன்னு சொன்னிய?"

"இல்லைன்னு சொன்னவன்கிட்ட நீங்க நிக்கவே இல்லியே. அடுத்த கட்டிலுக்குப் போயிருதிய."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பல வருடங்களுக்கு முன் அவர் மனைவிக்கு வயிற்றில் பெரிய அறுவை நடந்தபோது, அவர் மாலத்தீவில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாராம். வீடு திரும்பியபோது தழும்பைத்தான் பார்க்க முடிந்தது.

"வலிச்சுதான்னு கேட்டேன். அதெல்லாம் ஆறிப்போச்சுன்னுட்டா. பக்கத்துல யாரு இருந்தான்னு நான் கேக்கல. இப்ப கேக்கலாம்னா அவ இல்ல." தன் வயிற்றுக் கட்டைத் தொட்டுக்காட்டி, "இந்த ஊசி அப்பவே இருந்துச்சா?" என்றார்.

"அப்ப இங்கன கிடையாது" என்றேன்.

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "அங்கன ஒருத்தன் முனங்குதான். போங்க" என்றார். முனகியவர் காயத்தின் ஓரத்தில் ஊசி போடப்பட்டவர். மருந்தின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது.

எங்கள் ஒப்பீட்டில் தண்டலின் எண்களைச் சேர்க்கவில்லை. வீடு திரும்பும் நாளில், கனம் தூக்கக் கூடாது என்பதால், அவர் பையை நான்தான் பஸ் வரை கொண்டுபோனேன். தூக்க வேறு ஆள் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வாங்கிக்கொண்டவர், "நேரத்துக்குச் சாப்டுங்க, டாக்டரம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இப்போது பக்கவாட்டு ஊசியை அநேகமாக எல்லோருக்கும் போடுகிறோம். வார்டில் முனகல் குறைந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடியோ செல்போனைப் பார்த்தபடியோ படுத்திருப்பவர்கள், நான் கேட்பதற்கு முன்பே "ஒண்ணுமில்ல டாக்டர்" என்கிறார்கள். என் சுற்று சீக்கிரம் முடிந்துவிடுகிறது. குவார்ட்டர்ஸில் எனக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை. யாராவது கூப்பிடுவார்களா என்று வார்டு வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் படியிறங்குகிறேன்.